மூடுபனிக்குள் ஆள் உயரக் குமிழி

பப்பாசி இலைக் காம்பை வெட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஊதினால் குமிழிகள் முட்டை முட்டையாய் வரும். மாத்தளை, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முட்டைகள் தேசிக்காய் அளவைத் தாண்டுவது அபூர்வம். அதே சவர்க்காரத் தண்ணீரில் இன்னும் ஓரிரு சாமானைச் சேர்த்து, ஊதுகுழலுக்குப் பதில் இரண்டு கம்பும் கொஞ்சம் நூலும் எடுத்தால், ஒரு பிள்ளையே உள்ளே அடங்கும் அளவுக்குக் குமிழி விரியும். அது நெளிந்து நெளிந்து தேயிலை நிரைகளுக்கு மேலாகப் போவதைப் பார்த்த பிள்ளை, அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் வராது.

செய்முறை என்று தேடினால் கிடைப்பதெல்லாம் கரைசலைப் பற்றியே பேசும். இத்தனை கரண்டி இது, அத்தனை கோப்பை அது. கரைசல் வேண்டியதுதான். ஆனால் பாதி வேலையைச் செய்வது காற்று. மலையகத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதி சும்மாவே கிடைக்கிறது, எந்த நேரத்தில் வெளியே இறங்குவது என்று தெரிந்தால்.

குமிழி ஏன் உடைகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். குமிழியின் தோல் மூன்று அடுக்கு. வெளியே ஒரு சவர்க்காரப் படை, உள்ளே ஒரு சவர்க்காரப் படை, நடுவில் தண்ணீர். மொத்தமாகச் சேர்த்தாலும் தலைமயிரின் தடிப்பில் சிறு பங்குதான். அந்த நடுத்தண்ணீர் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, தன் பாரத்தில் கீழே வடிகிறது. மற்றது, ஆவியாகிப் போகிறது. மேற்பக்கம் மெலிந்து மெலிந்து தாங்காத கட்டம் வந்ததும் கிழிகிறது. வடிவதைக் கரைசலில் சேர்க்கும் பசை மெதுவாக்கும். ஆவியாவதைத் தடுக்க ஈரக்காற்றைப் போல வேறு மருந்து இல்லை. காற்றே தண்ணீரால் நிறைந்திருந்தால் படலத்துத் தண்ணீருக்குப் போக இடமில்லை. வெயில் நேரத்தில் இரண்டு மூன்று விநாடியில் வெடிக்கும் அதே கரைசல், மூடுபனி இறங்கியிருக்கும்போது மைதானத்தின் மறுகரை வரை போகும்.

அதனால் முதல் விதி: மழை விட்ட பிறகு, அல்லது பனிமூட்டம் இருக்கும்போது இறங்குங்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தால் வேண்டாம். துளி படலத்தைக் கிழிக்கும், வாளியில் இருக்கும் கரைசலையும் நீர்க்கச் செய்யும்.

இரண்டாவது, மலைச்சரிவின் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி ஊர்ந்து பள்ளத்தாக்கில் தேங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். இந்தத் திருப்பத்துக்கு நடுவே, சூரியன் எழும்பி ஒன்று ஒன்றரை மணித்தியாலம் வரை, காற்று கிட்டத்தட்ட நின்றுவிடும். பொழுது சாயும்போதும் அப்படியொரு இடைவேளை வரும். குமிழிக்கு ஏற்ற நேரம் அவை இரண்டும்தான். கருவி எதுவும் வேண்டாம், அடுத்த லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப்) புகைக்கூண்டைப் பாருங்கள். புகை நேரே எழுந்து லேசாகச் சாய்ந்தால் சரியான காற்று. நேரே நின்றே போனால், கம்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் பின்னால் நடக்க வேண்டும். புகை கூரையோடு படுத்து ஓடினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பெரிய குமிழி வராது.

பாடசாலை விடுமுறைகளோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏப்ரலில் காலை அமைதியாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை வரும். ஆகவே காலையிலேயே முடித்துவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கியதும் நீளக் கம்போடு திறந்தவெளியில் யாரும் நிற்கக் கூடாது. ஆகஸ்டில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை. மழை விடும் இடைவெளிகளைப் பிடிக்க வேண்டும். அதே மாதத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கம் நிலைமை நேர்மாறு. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வரும் காற்று, ஊவாவுக்குள் வறண்டு, வேகமாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசத்தைக் கொடுப்பது அந்த வறண்ட காற்றுதான். தேயிலைக்கு வரமான அதே காற்று குமிழிக்கு எமன். அங்கே ஆகஸ்டில் விடிந்த கையோடு, புல்லில் பனி காய்வதற்கு முன் மட்டுமே முயற்சி செய்யுங்கள். டிசம்பரில் ஊவாவிலும் ஈரம் வந்துவிடும்.

இடமும் பார்க்க வேண்டும். லயத்து வாசலின் சீமெந்துத் தரை கூடாது. கரைசல் சிந்தினால் வழுக்கும், சூடேறிய சீமெந்திலிருந்து எழும் காற்றில் குமிழியும் தாங்காது. ஈரப் புல்தரை நல்லது. தோட்டத்து மைதானம், கோயில் முற்றம், பாடசாலை மைதானம் எல்லாம் சரி. தேயிலை மலையின் நடைபாதையும், தண்ணீர் ஓட வெட்டிய கானும் வேண்டாம். மேலே பார்த்துக்கொண்டே ஓடும் பிள்ளைக்குக் கீழே கான் இருப்பது தெரியாது.

இனிக் கரைசல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேண்டியவை: பாத்திரம் கழுவும் திரவம் 50 மில்லிலீற்றர், குவார் கம் 2 கிராம், பேக்கிங் பவுடர் 2 கிராம், கிளிசரின் ஒரு மேசைக்கரண்டி. நாலைந்து பிள்ளைகள் அரை மணித்தியாலம் விளையாட இது காணும்.

குவார் கம் என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் மா. முதலில் சொன்ன பசை இதுதான். கேக் சாமான் விற்கும் கடைகளில் சிறு பக்கற்றாகக் கேட்டுப் பாருங்கள். தராசு இல்லாவிட்டால், மட்டமாக வழித்த முக்கால் தேக்கரண்டி ஏறக்குறைய 2 கிராம். பேக்கிங் பவுடருக்கு மட்டமான அரைத் தேக்கரண்டி. கிளிசரின் பார்மசியில் கிடைக்கும்.

கலக்கும் ஒழுங்கில்தான் பலர் தவறுகிறார்கள். குவார் கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி கட்டியாய்த் திரளும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. முதலில் காய்ந்த கோப்பையில் குவார் கம்மைப் போட்டு, கிளிசரினை ஊற்றி, கட்டியில்லாத கூழாகக் குழையுங்கள். கிளிசரினில் அது ஊறி உப்பாது. மணி மணியாகப் பிரிந்து நிற்கும். அதன் பிறகு இளஞ்சூடான தண்ணீரில் இந்தக் கூழை ஊற்றி, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். நுவரெலியாவின் பச்சைத் தண்ணீரில் பசை ஊறக் கூடுதல் நேரம் எடுக்கும், அதனால் கை பொறுக்கும் சூடு அவசியம். அரை மணித்தியாலம் மூடி வைத்து மறுபடி கலக்குங்கள். தண்ணீர் லேசாகத் தடித்து, மெல்லிய கஞ்சித்தண்ணீர் பதத்துக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு பேக்கிங் பவுடர். அது சீறி அடங்கும்வரை பொறுங்கள். கடைசியாகத்தான் பாத்திரம் கழுவும் திரவம். கரண்டியைத் தண்ணீருக்குள் ஆழ விட்டு, மேற்பரப்பை அலைக்காமல், நுரை எழும்பாமல் சுற்றுங்கள். போத்தலில் போட்டுக் குலுக்குவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நுரை என்றால் ஆயிரம் சின்னக் குமிழிகள். பெரிய படலத்தில் அவை ஒட்டிய இடத்தில் கிழியும். எழும்பிவிட்டால் கையால் வழித்து எறியுங்கள். இரவே கலந்து மூடி வைத்துக் காலையில் எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

இந்த அளவுகளின் அடிப்படை ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் பர்ட்டன் என்ற இயற்பியலாளரின் குழு, பெரிய குமிழிகள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. குவார் கம் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலத்தை இழுபடச் செய்கின்றன, இழுபட்டாலும் அறுந்துவிடுவதில்லை. எல்லாச் சங்கிலியும் ஒரே நீளமாக இருப்பதைவிட, குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் பின்னல் இன்னும் உறுதி என்பது அவர்கள் கண்டது. அவர்களுடைய செய்முறையில் குவார் கம்மைக் குழைக்க 50 மில்லிலீற்றர் அற்ககோல் சேர்க்கிறார்கள். அது தீப்பற்றும் பொருள். குளிருக்கு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும் குசினியில், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அதைக் கையாளத் தேவையில்லை. கிளிசரின் அந்த வேலையைச் செய்துவிடும். அதோடு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணமும் கிளிசரினுக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சவர்க்காரப் படலங்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோவும் கிளிசரின் கலந்த கரைசலைத்தான் பயன்படுத்தினார்.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாவைப் போட்டுவிடாதீர்கள். அப்பச்சோடா தனிக் காரம். பேக்கிங் பவுடரில் அதோடு அமிலமும் சேர்ந்திருப்பதால் கரைசல் காரத்துக்கும் புளிப்புக்கும் நடுவில் நிற்கும். அந்த நடுநிலைதான் வேண்டும். சீனியும் போடாதீர்கள். சீனிப்பாகு படலத்தைத் தடிப்பாக்கும் என்று சொல்வார்கள், ஆனால் எறும்பையும் குளவியையும் கூப்பிடும். குளவிக்கொட்டு என்றால் என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குவார் கம் கிடைக்காத ஊரில் கோர்ன் பிளவர் கைகொடுக்கும். ஆறு கோப்பைத் தண்ணீருக்கு அரைக் கோப்பை கோர்ன் பிளவர், அரைக் கோப்பை பாத்திரம் கழுவும் திரவம், பேக்கிங் பவுடரும் கிளிசரினும் ஒவ்வொரு மேசைக்கரண்டி. இது குவார் கரைசலுக்கு ஈடாகாது. மா அடியில் படியும், ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்னும் அடியைக் கிளறிவிட வேண்டும். ஒரு மீற்றர்க் குமிழிக்குப் போதும், ஆள் உயரத்துக்குப் போதாது.

பாத்திரம் கழுவும் திரவத்தின் செறிவு ஒவ்வொரு போத்தலுக்கும் மாறும். 50 மில்லிலீற்றரில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கித் தோய்த்து மெதுவாக ஊதினால் தேங்காய் அளவுக் குமிழி வர வேண்டும். வராவிட்டால் பத்துப் பத்து மில்லிலீற்றராகக் கூட்டுங்கள். அதிகம் போட்டால் நல்லது என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றினால் படலம் உறுதியாகாது, நுரைதான் கூடும். கைக்கு இதமளிக்கும் எண்ணெய்ப் பொருள் சேர்த்த திரவங்களைத் தவிருங்கள், எண்ணெய் படலத்தின் எதிரி. உடுப்புத் துவைக்கும் தூளும் வேண்டாம், பிள்ளைகளின் தோலுக்கும் கண்ணுக்கும் காரம் அதிகம்.

தண்ணீரைப் பொறுத்தவரை மலையகம் கொடுத்து வைத்தது. பாறை இடுக்கில் ஊறிப் பீலியில் விழும் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் திரிவதுபோல இங்கே திரியாது. மாத்தளை, திகன போன்ற டொலமைட் பாறை உள்ள பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிற வீடு என்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுங்கள். மழைக்குப் பிறகு பீலித் தண்ணீர் கலங்கியிருந்தால் துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கம்பும் நூலும். கரைசலுக்குக் கொடுக்கும் கவனத்தை நூலுக்குக் கொடுக்காமல் தோற்பவர்கள் அதிகம். பெரிய குமிழிக்கு வேண்டிய திரவம் முழுவதும் நூலில்தான் இருக்கிறது. படலம் விரியும்போது நூல் கரைசலை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நைலோன் நூல் ஒரு சொட்டும் குடிக்காது. வேண்டியது தடித்த, முறுக்குக் குறைந்த பருத்தி நூல். மண்ணெண்ணெய் அடுப்புக்கு விற்கும் புதுத் திரி அருமையானது. தரை துடைக்கும் மொப்பின் பருத்தி நூலையும் எடுக்கலாம். சுவெட்டர் பின்னும் நூல் செயற்கை இழையாக இருந்தால் குறைவாகத்தான் குடிக்கும். மூன்று இழையைச் சடையாகப் பின்னினால் இடைவெளிகளில் கரைசல் தங்கும். எந்த நூலாக இருந்தாலும் புதிதில் அதில் பசையும் மெழுகும் இருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசிய பிறகே கட்டுங்கள்.

கம்புக்கு மூங்கில் போதும், இல்லாவிட்டால் அரை அங்குலப் பிவிசி குழாய். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, கைக்குக் கிடைக்கும்தான், ஆனால் கோணலும் கணுவுமாக இருப்பதால் நூல் சிக்கும். பெரியவர்களுக்கு ஒரு மீற்றர் நீளக் கம்பு இரண்டு. இரண்டின் நுனியையும் ஒரு மீற்றர் நூலால் இணையுங்கள். அதே நுனிகளிலிருந்து இரண்டு மீற்றர் நூலொன்றைக் கீழே தொங்கவிடுங்கள். தொங்கும் நூலின் நடுவில் ஒரு சிறிய இரும்பு வொஷரைக் கட்டினால் கம்புகளை விரித்ததும் முக்கோணம் அழகாகத் திறக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 60 சென்றிமீற்றர்க் கம்பு, மேல்நூல் 40, கீழ்நூல் 80. பிள்ளைக்குப் பெரியவர்களின் கம்பைக் கொடுத்தால் நனைந்த நூலின் பாரத்திலேயே கை சோர்ந்துவிடும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் கோட் ஹேங்கர் கம்பியை வட்டமாக வளைத்துப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிக் கொடுங்கள்.

விரிக்கும் முறை இதுதான். கம்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நூல் முழுவதையும் வாய் அகன்ற பேசினில் அமிழ்த்துங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் ஊறட்டும். நுனிகள் சேர்ந்தபடியே மேலே தூக்கி, வழிவது சொட்டாக மாறும்வரை பொறுங்கள். காற்று முதுகில் படும்படி நின்று, கம்புகளை முகத்துக்கு மேலே நீட்டி மெதுவாகப் பிரியுங்கள். வெடுக்கென்று பிரித்தால் படலம் உருவாகும் முன்பே கிழியும். காற்று உள்ளே புகுந்து பை போல ஊதும். காற்றே இல்லையென்றால் இரண்டு மூன்று அடி பின்னால் நடங்கள். போதுமான நீளம் வந்ததும் நுனிகளை மறுபடி சேருங்கள், குமிழி கழன்று போகும். மூடாமல் இழுத்துக்கொண்டே போனால் நீளக் குழாயாகி நடுவில் அறும். இந்த மூடும் அசைவைத்தான் பிள்ளைகள் கடைசியாகப் பழகுவார்கள். வெறும் தண்ணீரில் நனைத்த நூலை வைத்து நாலைந்து தடவை திறந்து மூடப் பழக்கிவிட்டால் கரைசல் வீணாகாது.

என்ன பிழைத்தது என்பதைப் படலமே காட்டிக்கொடுக்கும். கம்பைப் பிரிக்கும்போதே படலம் நிற்கவில்லையென்றால் பாத்திரம் கழுவும் திரவம் குறைவு, அல்லது நூல் ஊறவில்லை. படலம் நின்று, ஊதத் தொடங்கியதும் கிழிந்தால் பசை போதவில்லை. இன்னும் அரைக் கிராம் குவார் கம்மைக் கிளிசரினில் குழைத்துச் சேருங்கள். குமிழி கழன்றும் அடியில் வால்போலத் தொங்கி, பாரத்தில் புல்லில் விழுந்தால் பசை கூடிவிட்டது. ஒரு கோப்பை தண்ணீரும் அதற்கேற்ற திரவமும் விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நூலின் ஒரே இடத்தில் கிழிந்துகொண்டே இருந்தால் அங்கே புல்லோ மண்ணோ ஒட்டியிருக்கும். விளையாட்டில் நூல் தரையில் படாமல் இருக்காது. அதனால் கரைசலை ஒரே பேசினில் கொட்டாமல் பாதியைப் போத்தலில் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

நிறத்தைப் பார்க்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். புதிதாகப் பிறந்த குமிழியில் இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். அது படலம் இன்னும் தடிப்பாக இருக்கிறது என்பதன் அடையாளம். மெலிய மெலிய நிறங்கள் மாறி, வெளிர்மஞ்சளாகி, வெள்ளியாகி, கடைசியில் உச்சியில் நிறமே இல்லாத கறுப்புப் பொட்டு விழும். முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று கூட்டுவதாலும் அழிப்பதாலும் வரும் மாற்றம் இது. கறுப்பு விழுந்தால் வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். யார் முதலில் சொல்வது என்று பந்தயம் வைத்தால் எட்டு வயதுப் பிள்ளைகளும் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். நனைந்த கையால் தொட்டால் குமிழி உடையாது, காய்ந்த கை பட்டால் உடையும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். குளிர்ந்த காலையில் வாயால் ஊதிய குமிழி மேலே எழும்பும், கம்பால் எடுத்தது காற்றோடு மட்டும் போகும். மூச்சின் சூடுதான் அந்த வித்தியாசம்.

எவ்வளவு பெரிதாக்கலாம் என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு. 2015 ஜூனில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கேரி பேர்ல்மன் என்பவர் விட்ட குமிழியின் கனவளவு 96.27 கன மீற்றர். பத்துக்குப் பன்னிரண்டு அடி, எட்டடி உயரமுள்ள லயக் காம்பரா ஒன்று ஏறக்குறைய 27 கன மீற்றர். மூன்றரைக் காம்பராவை ஒரே குமிழியில் அடைத்ததற்குச் சமம்.

கரைசல் கண்ணில் பட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். பேசினை இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மிஞ்சிய கரைசலை மூடி வைத்தால் நுவரெலியாக் குளிரில் சில நாள் தாங்கும், கண்டிச் சூட்டில் அவ்வளவு தாங்காது. குவார் கம் பண்டம் போலவே பழுதாகும். புளித்த வாடை வந்து, கரைசல் தண்ணீராக இளகிவிட்டால் அது முடிந்தது.

அதைக் கானிலோ பீலியடியிலோ ஊற்றாதீர்கள். சவர்க்காரத் திரவம் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் நஞ்சு. நம் கானில் விடுவது ஓடைக்குப் போகிறது, கீழ்க்கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) அதே ஓடையில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள். மகாவலியும் களனியும் இந்த ஓடைகளிலிருந்துதான் திரள்கின்றன. நிறையத் தண்ணீர் கலந்து, ஓடைக்குத் தூரமான புல்தரையில் பரவலாக ஊற்றுங்கள், மண் அதை வடித்துக்கொள்ளும். நூலை வெறும் தண்ணீரில் அலசி, புகைக்கூண்டுப் பக்கம் நிழலில் காயப்போடுங்கள். கரைசலோடு சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அந்த நூல் எவ்வளவு நல்ல கரைசலையும் பிடித்து நிறுத்தாது.